ஆறு மணி நேரத்தில் உதகை: வந்தவர் திரும்ப வருவாரா?



கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரு தெரியும். தன் கடை தெரியாது. ஒரு நாளாவது தெருவில் இறங்கி, எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால்தான் தன் கடை எப்படி இருக்கிறது என்பது விளங்கும். நீலகிரியில் மளிகை, தேயிலை, காய்கறி வியாபாரம் செய்யும் நமக்கெல்லாம் உதகமண்டலம்தான் பெரிய கடை. சரக்கு எடுக்க அங்கே போகிறோம், கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம், கல்யாணத்துக்குப் போகிறோம். ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த மனிதராக அங்கே போனவர் நம்மில் எத்தனை பேர்?

இந்தக் கேள்வி சங்கக் கூட்டத்தில் எழுந்தது. அதன் விளைவாகக் குன்னூர் வியாபாரிகள் ஏழு பேர், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு நாள் உதகைக்குச் சுற்றுலா போனோம். மூன்று நிபந்தனைகள் போட்டுக்கொண்டோம். முதலாவது, காலை பதினொரு மணி முதல் மாலை ஐந்து மணி வரைதான் ஊரில் இருக்க வேண்டும். சமவெளியிலிருந்து வந்து அன்றே இறங்கிவிடுகிறவருக்குக் கிடைப்பது அவ்வளவு நேரம்தான். இரண்டாவது, வியாபாரி என்று யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது. மூன்றாவது, ஆளுக்கு ஐநூறு ரூபாய்க்கு, வெளியூர்க்காரர் என்ன வாங்குவாரோ அதை வாங்கி வர வேண்டும்.

அன்று கண்டதையும், கண்டபின் எங்களுக்குத் தோன்றியதையும் உறுப்பினர்கள் முன் வைக்கிறோம். சில செய்திகள் கசக்கும். கசப்பு மருந்துக்கும் உண்டு.

இரயிலில் ஒரு பாடம்

குன்னூரிலிருந்து மலை இரயிலில் ஏறினோம். மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் வந்து சேர்ந்த பாதை இது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கல்லாறு தொடங்கிக் குன்னூர் வரைதான் பல்சக்கரத் தண்டவாளம். அதற்கு மேல் சாதாரணத் தண்டவாளம். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வண்டி மெதுவாக ஏறுகிறது. பெட்டியில் இருந்த வெளியூர்க்காரர்கள் கேத்திப் பள்ளத்தாக்கைக் கண்டு பேச்சை நிறுத்திவிட்டார்கள். தினமும் அந்த வழியே போகும் நாங்கள் அன்றுதான் ஜன்னல் பக்கம் திரும்பினோம்.

இந்த இரயிலுக்கு அவசரம் இல்லை. அதுவே அதன் மதிப்பு. மெதுவாகப் போகிற வண்டிக்கு இடம் கிடைக்காமல் மாதக்கணக்கில் முன்பதிவு செய்து வருகிறார்கள். வேகமாகப் பார்த்துவிட்டு ஓடத்தான் பயணிகள் விரும்புகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது தவறு என்பதற்கு முதல் சாட்சி இது.

வண்டியில் போன மூவர்

உதகை நிலையத்தில் இறங்கியதும் இரண்டாகப் பிரிந்தோம். மூன்று பேர் வாடகை வண்டி பிடித்தார்கள். நான்கு பேர் நடந்தார்கள்.

வண்டியில் ஏறிய மூவருக்கும் ஓட்டுநர் பட்டியல் ஒப்பித்தார்: படகு இல்லம், தொட்டபெட்டா, தேயிலைத் தொழிற்சாலை, சாக்லேட் கடை, தாவரவியல் பூங்கா. ஐந்து இடம், ஐந்து மணி நேரம். உண்மையில் நடந்தது என்ன? வண்டி நகர்ந்த நேரத்தை விட நின்ற நேரம் அதிகம். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவில் மேகம் மூடியிருந்தது. பூங்காவுக்கு வந்து சேரும்போது மணி நான்கு. நுழைந்ததும் திரும்ப வேண்டியதாயிற்று. கடை என்று அவர்கள் கால் வைத்தது ஒரே இடத்தில்தான். அதுவும் ஓட்டுநர் நிறுத்திய கடை. அங்கே கால் கிலோ தேயிலைத் தூள் 180 ரூபாய். அதே ரகத் தூளை நடந்து போனவர்கள் மார்க்கெட் பக்கம் 110 ரூபாய்க்கு வாங்கியிருந்தார்கள்.

இடையிலே உள்ள 70 ரூபாய் எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியாத இரகசியம் அல்ல. ஆள் கொண்டுவந்து விட்டவருக்குக் கமிஷன். ஓட்டுநரிடமே டீ குடித்துக்கொண்டு கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "வாடகையில டீசலுக்கும் தவணைக்கும் சரியாப் போயிடுதுங்க. கடைக்காரர் கொடுக்கறதுதான் வீட்டுக்கு" என்றார். அவர் மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை. கொடுக்கிற கை நம்முடையது.

நடந்து போன நால்வர்

நடந்தவர்கள் மார்க்கெட்டுக்குள் நுழைந்து, கமர்ஷியல் சாலை வழியாகச் சேரிங் கிராஸ் போய், அங்கிருந்து ஸ்டீபன் தேவாலயம், கல் பங்களா, கடைசியாகப் பூங்கா என்று ஒரு சுற்றுச் சுற்றினார்கள். நுழைவுச்சீட்டுக்குச் செலவானது பூங்காவில் மட்டும். ஆனால் ஊரின் கதை முழுவதும் அந்த வழியில்தான் இருந்தது.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் மலையேறி வந்தவர். 1822-இல் உதகையில் அவர் கட்டத் தொடங்கிய வீடுதான் கல் பங்களா. இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஏரியை வெட்டுவித்தவரும் அவரே. அன்றைய ஏரி இன்று இருப்பதை விடப் பெரியது. அதன் ஒரு பகுதியின் மேல்தான் இன்று பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கின்றன. அதற்கெல்லாம் முன்பே இந்த மலை தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் மலை. கோத்தர் செய்த இரும்புக்கும் மண்பாண்டத்துக்கும், தோடர் கறந்த பாலுக்கும், படகர் விளைத்த தானியத்துக்கும் காசில்லாத கொடுக்கல் வாங்கல் நடந்த இடம். ஆக, வியாபாரம் இந்த மலைக்கு வெள்ளைக்காரர் கொண்டுவந்த பொருள் அல்ல.

ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829-இல் அடிக்கல் நாட்டி 1831-இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். அதன் உத்தரங்கள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரங்கள். அந்தக் காலத்தில் மைசூர்ச் சீமையிலிருந்து மரங்களை மலையேற்றியவர்களை நினைத்தால், ஒரு லாரி லோடு தாமதம் என்று நாம் அலுத்துக்கொள்வது சிறிதாகத் தெரிகிறது.

தாவரவியல் பூங்காவின் பிறப்பு நம் தொழிலோடு சம்பந்தப்பட்டது. 1840-களில் இங்கே குடியிருந்த ஐரோப்பியர்கள் காய்கறி கிடைக்காமல், ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் வைத்தார்கள். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. பின்னர் 1848-இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் வந்து, இன்று காணும் பூங்காவை வடிவமைக்கத் தொடங்கினார். 1896-இல் மலர்க் கண்காட்சி தொடங்கியது. ஆக, இலட்சக்கணக்கானோர் வந்து பார்க்கும் பூங்காவுக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு காய்கறிக் கணக்கு. இதை எந்தக் காய்கறிக் கடைக்காரராவது தன்னிடம் கேரட் வாங்க வந்தவருக்குச் சொன்னதுண்டா?

நால்வரும் ஐந்து மணிக்கு நிலையம் திரும்பியபோது கையில் பை நிறைந்திருந்தது. வர்க்கி, தூள், பூண்டு, கேரட், நீலகிரித் தைலம், டீக்கடையில் வடை என்று அவர்கள் பணம் பதினொரு கடைகளுக்குப் போயிருந்தது. வண்டியில் போன மூவரின் பணம் ஒரே கடைக்குப் போயிருந்தது. தலைக்கு அதே ஐநூறுதான். நடப்பவர் ஊருக்கே வாடிக்கை. வண்டியில் பறப்பவர் வண்டி நிற்கிற கடைக்கு மட்டும் வாடிக்கை. எங்களுக்குக் கிடைத்த இரண்டாவது பாடம் இது.

அவர்களுக்குச் சிரமமும் இல்லாமல் இல்லை. நடைபாதை என்று சொல்லத்தக்கது பல இடங்களில் இல்லை. எங்களோடு வந்த பெரியவருக்குக் கழிப்பறை தேட அரை மணி ஆயிற்று. குடிக்கத் தண்ணீர் கேட்டால், "பிளாஸ்டிக் பாட்டில் விக்கக் கூடாது, இல்லீங்க" என்று மூன்று கடையில் சொன்னார்கள். தடை நியாயமானதே. மலைக்கு அது வேண்டும். தமிழகம் முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நீலகிரி அந்த வழியில் நடந்த மாவட்டம். ஆனால் பாட்டில் இல்லை என்று சொல்கிற வாய், "உள்ளே பானையில் இருக்கிறது, குடியுங்கள்" என்று ஏன் சொல்லக் கூடாது? வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது வணிகர் வழக்கம். மலை ஏறியதும் அந்த வழக்கம் இறங்கிவிடுமா?

தராசு சொன்ன செய்தி

இரவு குன்னூரில் ஒரு கடையில் கூடி, வாங்கிய பொருள்களை மேசையில் பரப்பினோம். தேயிலைப் பொட்டலங்கள் ஏழு. மூன்றில் கட்டிய மாதமும் வருடமும் இல்லை. இரண்டில் கட்டியவர் முகவரி இல்லை. "ஊட்டி" என்ற பெரிய எழுத்து மட்டும் இருந்தது. 250 கிராம் என்று அச்சிட்ட ஒரு பொட்டலத்தின் தூள் தராசில் 228 கிராம் நின்றது.

சாயம் பார்க்கும் எளிய முறையையும் செய்தோம். வடிதாளில் தூளைத் தூவி, தண்ணீர் தெளித்து, சற்று நேரம் கழித்துத் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாயம் ஏற்றிய தூள் தாளில் கறை விட்டுப் போகும். ஏழில் ஒன்று கறை விட்டது. சாக்லேட்டில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால், கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. அதை விற்பது குற்றமல்ல; எழுதாமல் விற்பதுதான் குற்றம்.

ஏழிலே நான்கு பொட்டலங்கள் எல்லா வகையிலும் சரியாக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். நேர்மையான கடைக்காரர்களே மலையில் அதிகம். ஆனால் வெளியூர்க்காரருக்கு நான்கு எது, மூன்று எது என்று தெரியாது. அவருக்கு எல்லாம் ஊட்டிச் சரக்கு.

எடை குறைந்த பொட்டலத்தை ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைக் கட்டுகிறவர் தன்னிடம்தான் மூட்டை மூட்டையாகத் தூள் எடுக்கிறார் என்றார். "மூட்டை எடை நான் சரியாத்தான் போட்டேன்" என்றும் சொன்னார். பொய் சொல்லும் மனிதர் அல்ல அவர். ஆனாலும் மேசையைச் சுற்றி யாரும் பேசவில்லை. நம் கையை விட்டுப் போன சரக்கு என்ன பெயரில், என்ன எடையில் போய்ச் சேருகிறது என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. உதகைக் கடைக்காரரைக் குறை சொல்லிக் குன்னூர் தப்பித்துக்கொள்ள முடியாது. 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கும் ஊர் நம்முடையது. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இந்தப் பெயருக்குக் காவல் நாம்தான்.

வண்டிக் கணக்கும் நம் கணக்கும்

இப்போது எல்லோரும் பேசும் விஷயத்துக்கு வருவோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 மார்ச்சில் நீதிமன்றம் இன்னொரு படி மேலே போய், அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எல்லை வகுத்தது. 2025 ஏப்ரல் 2-இல் மாவட்ட வணிகர்கள் ஒரு நாள் கடையடைப்பு நடத்தினோம். அதில் கலந்துகொண்டதற்காக நாங்கள் வருந்தவில்லை. சீசன் மூன்று மாதம் ஓடினால்தான் மழைக்காலத்தில் வாடகையும் சம்பளமும் கொடுக்க முடியும். அதை எடுத்துச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்ற நிலையில் மாவட்ட நிர்வாகம் இருக்கிறது. மலை தாங்க வேண்டும், வியாபாரமும் நடக்க வேண்டும். ஆனால் நாம் ஒன்றை யோசிக்க வேண்டும். "இன்னும் அதிக வண்டி விடு" என்பது மட்டுமே நம் கோரிக்கையாக இருந்தால் அதனால் நமக்கு என்ன லாபம்? வண்டி பெருகினால் நெரிசல் பெருகும். நெரிசலில் நிற்பவர் கடைக்கு இறங்க மாட்டார். நம் சரக்கு லாரியும் அதே வரிசையில்தான் நிற்கும்.

அந்த எல்லை அரசுப் பேருந்தில் வருபவருக்கும் இரயிலில் வருபவருக்கும் வைக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்கள்தான் இறங்கியதும் நடக்கிறவர்கள். பதினொரு கடையில் வாங்குகிறவர்கள். அவர்களை அதிகமாக வரவழைக்க எந்தத் தடையும் இல்லை. அதற்காக நாம் இதுவரை ஒரு மனுவாவது கொடுத்தோமா?

ஒரு சின்னக் கணக்கு. 6,000 வண்டி, வண்டிக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் 30,000 பேர். அதில் பத்தில் ஒருவர் நம் தூளில் நம்பிக்கை வைத்து, ஊருக்குப் போன பிறகும் மாதம் கால் கிலோ தபாலில் தருவித்தால், ஒரே ஒரு நாள் கூட்டம் மாதாமாதம் 750 கிலோவுக்கு வாடிக்கை. இந்தக் கணக்கில் வண்டியின் எண்ணிக்கையை விட நம்பிக்கையின் அளவுதான் பெரியது. பலசரக்குக் கடைக்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வழிப்போக்கர் ஒரு நாள் காசு. வாடிக்கையாளர் தலைமுறைக் காசு. நம் கடையில் கடைப்பிடிக்கிற இந்தச் சட்டத்தை நம் ஊருக்கு மட்டும் மறந்துவிட்டோம்.

இது உதகைக்கு மட்டும் வந்த நோய் அல்ல. இத்தாலியில் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த சில நாள்களில், ஒரு நாள் வந்து போகிறவரிடம் 5 யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கியது. விடுதியில் இரவு தங்குகிறவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஸ்பெயின் நாட்டில் டொலேடோ என்ற பழைய நகரம் தலைநகர் மாட்ரிட்டிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். வேக இரயிலில் அரை மணி. அங்கும் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களே அதிகம். ஆனால் அந்த ஊர் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ளவில்லை. பாதாமும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் இனிப்பு அவர்களுடைய வர்க்கி. பாதிக்குக் குறையாமல் பாதாம் இருந்தால்தான் டொலேடோ பெயரைப் போடலாம் என்று விதி வைத்துக் காக்கிறார்கள். அரை நாள் வந்தவரும் நம்பி வாங்கிக்கொண்டு போகிறார்.

செய்ய வேண்டியவை

அரசு செய்யட்டும் என்று உட்காராமல் நம் கையில் உள்ளதை முதலில் செய்வோம்.

ஒன்று: மலைச் சரக்கு என்று விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் கட்டியவர் முகவரி, எடை, மாதம், வருடம், விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்க வேண்டும். இது சட்டமே. மொத்த வியாபாரிகள் இதைச் செய்யாதவருக்குச் சரக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். சங்க அலுவலகத்தில் ஒரு தராசும் ஒரு கட்டு வடிதாளும் வைத்து, யார் வந்தாலும் சோதித்துக் கொடுப்போம்.

இரண்டு: ஆள் பிடிக்கும் கமிஷனை ஒரு சீசனுக்காவது எல்லோரும் சேர்ந்து நிறுத்திப் பார்ப்போம். தனியாக நிறுத்துகிறவர் நஷ்டப்படுவார். சேர்ந்து நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே சமயம் ஓட்டுநர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை நிர்ணயிக்க அவர்களோடு சேர்ந்து நாமும் குரல் கொடுக்க வேண்டும்.

மூன்று: கடைக்கு ஒரு தண்ணீர்ப் பானை. செலவு சொற்பம். தண்ணீர் குடிக்க வந்தவர் வெறுங்கையோடு போவது அபூர்வம்.

நான்கு: நிலையத்திலிருந்து மார்க்கெட், சேரிங் கிராஸ், தேவாலயம், கல் பங்களா, பூங்கா என்ற நடைவழியை ஒரு சிறு வரைபடமாக ரசீதின் பின்புறம் அச்சிடுவோம். வழி காட்டுகிறவர் கடையை யாரும் மறப்பதில்லை.

ஐந்து: கூடுதல் பேருந்து, கூடுதல் இரயில் பெட்டி, நடைபாதை, கழிப்பறை, பெட்டி வைத்துப் போக ஓர் அறை. அடுத்த மனுவில் இவற்றை முதலில் எழுதுவோம்.

மாமல்லபுரம், கும்பகோணம், காரைக்குடி வணிகர்களும் இதைப் படிப்பார்கள். அவரவர் ஊரின் கல் பங்களா எது என்று அவர்களுக்கே தெரியும். அவர்களும் ஒரு நாள் தங்கள் ஊரில் பயணியாக நடந்து பார்க்கட்டும்.

எங்களோடு வந்த மொத்த வியாபாரி மறுநாள் காலையிலேயே அந்தப் பொட்டலம் கட்டுகிறவரைக் கூப்பிட்டுத் தன் தராசின் முன் நிறுத்தினார். என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்குள் இருக்கட்டும். அந்த வாரம் முதல் அவர் கடையில் ஒரு பலகை தொங்குகிறது: "இங்கே எடுத்த சரக்கு எந்தப் பெயரில் விற்றாலும் எடை எங்கள் பொறுப்பு."

அந்தப் பலகை ஒவ்வொரு மொத்தக் கடையிலும் தொங்கட்டும். வந்தவர் திரும்ப வருவார்.